அஃபெக்ஷனேட்: ஆம் / இல்லை

ஜூன் 3, திங்கள்

தத்தெடுப்பைக் கவனிக்கும் அலுவலர் குளோரி மேடம் ஒரு நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த இரண்டு மாதமும் நடப்பதை எழுதி வைக்க வேண்டுமாம். உள்ளது உள்ளபடி எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம் என்று வேறு சொன்னார். பதினெட்டு வருஷமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

சரி, எனக்குத் தெரிந்த முறையிலேயே தொடங்குகிறேன். எழுதிக் கொடுப்பவர்: செண்பகவல்லி, வயது 43, திருமணம் ஆகாதவர், கோவில்பட்டி. எழுதி வாங்குபவர்: ஆவுடைச்செல்வி, வயது 6, தாய் தகப்பன் விவரம் இல்லை. உடன் கொண்டுவந்த உடைமைகள்: கவுன் இரண்டு, செருப்பு ஒரு ஜோடி, துணிப்பை ஒன்று.

காலை பதினொரு மணிக்குக் குழந்தைகள் இல்லத்திலிருந்து அழைத்து வந்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் வரை என் பொறுப்பில் இருப்பாள். பிறகு மேடம் அறிக்கை கொடுப்பார். ஐந்து வயது தாண்டிய பிள்ளை என்பதால் அவளுடைய சம்மதத்தையும் கேட்பார்கள். எல்லாம் சரியாக அமைந்தால் ஆட்சியர் உத்தரவு போடுவார், ஆவுடை எனக்கு மகள் ஆவாள். அமையாவிட்டால் திரும்பிப் போவாள்.

வந்ததிலிருந்து அவள் சொன்னது இரண்டு வார்த்தை. "பாத்ரூம் எங்க?"

ஜூன் 5, புதன்

இன்று அவளுடைய கோப்பை முழுதாகப் படித்தேன். முன்பே ஒரு குடும்பம் இவளை அழைத்துப்போய் ஐம்பதாம் நாள் திருப்பி விட்டிருக்கிறது. காரணம் எழுதும் கட்டத்தில் இங்கிலீஷில் ஒரே வரி: குழந்தை அஃபெக்ஷனேட் இல்லை.

என்னிடம் தந்திருக்கும் படிவத்திலும் அதே சொல்லுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அஃபெக்ஷனேட்: ஆம், இல்லை. டிக் போட வேண்டும்.

கடையில் கிடந்த டிக்‌ஷனரியை எடுத்துப் பார்த்தேன். பாசமுள்ள, பிரியமான, அன்பை வெளிக்காட்டுகிற. உதாரணத்துக்கு ஒரு நாய்க்குட்டியைப் பற்றிய வாக்கியம் போட்டிருந்தான். வாலாட்டினால் ஆம், ஆட்டாவிட்டால் இல்லை போலிருக்கிறது. மூடி வைத்துவிட்டேன்.

இந்தச் சொல்லோடு எனக்குப் பழக்கம் இல்லாமல் இல்லை. சொத்தைச் சும்மா கொடுக்கும் தான செட்டில்மென்ட் எழுதும்போதெல்லாம் "தங்கள் பேரில் எனக்குள்ள இயற்கையான அன்பினாலும் வாஞ்சையினாலும்" என்று அடிக்கிறவள்தானே நான். கம்ப்யூட்டரில் அந்த வரி தனியாகவே கிடக்கிறது, எடுத்து ஒட்டினால் போதும். போன மாதம் ஒருவர் தம்பிக்கு எழுதிக் கொடுத்தார். அந்த வரியை வாசித்துக் காட்டும்போது இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

கட்டிலில் படுக்க மாட்டேன் என்கிறாள். பாயை வாசல் கதவுக்குப் பக்கத்தில் விரித்துக்கொள்கிறாள். சாப்பிடும்போது எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தலை சீவிவிடப் போனால் கல்லாக நிற்கிறாள். என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறாள், நானாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கென்ன. எனக்கும் ஒட்டிக்கொண்டு நிற்கிறவர்களைக் கண்டால் ஆகாது.

ஜூன் 14, வெள்ளி

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஒன்றாம் வகுப்பு. செருப்பு கடித்திருந்ததால் புதிது வாங்கினேன். அளவு சந்தேகமாக இருந்ததால் இரண்டு ஜோடி.

நான்கு மணிக்கே கடையை மூடிவிட்டுப் பள்ளி வாசலுக்குப் போனேன். வேலை ஒன்றும் இல்லை, அதனால்தான். திரும்பி வந்தபோது பக்கத்துக் கடையில் முத்திரைத்தாள் விற்கும் சுப்பையா அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"என்ன தாயி, மூணு பார்ட்டி ஒனக்காவக் காத்துக் கெடந்துட்டுப் போறாங்க. ஒடம்புக்கு முடியலையோ?"

தலைவலி என்று சொன்னேன். அண்ணாச்சி ஆவுடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. அது அவரிடம் எனக்குப் பிடித்த குணம்.

மெயின் ரோட்டைத் தாண்டும்போது கையைப் பிடி என்றேன். பிடிக்கவில்லை. என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 20, வியாழன்

மழை. துணி காயவில்லை. ரசம், அப்பளம்.

ஜூன் 23, ஞாயிறு

அண்ணாச்சியிடம் அஃபெக்ஷனேட் என்றால் என்ன என்று கேட்டேன். கட்டத்தைப் பற்றியும் சொன்னேன். அவருடைய மனைவி முப்பது வருஷத்தில் ஒரு நாளும் அவரைப் பிடிக்கும் என்று சொன்னதில்லையாம். ஆனால் மீன் குழம்பில் தலைத் துண்டு இதுவரை வேறு யார் தட்டிலும் விழுந்ததில்லையாம். "இதுக்கு அவன் டிக் போடுவானா, போட மாட்டானா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். என் அப்பா ஒரு தரமாவது என்னைக் கட்டிக்கொண்டாரா என்று நினைவு இல்லை. நான் பரீட்சைக்குப் போகும் நாட்களில் என் பேனாவுக்கு அவரே மை ஊற்றி, துடைத்து வைத்திருப்பார். நானும் அவரிடம் ஒன்றும் சொன்னதில்லை. படிவத்தில் வளர்ப்பவரைப் பற்றியும் இதே கட்டம் இருக்கிறது. அதை இன்றுதான் கவனித்தேன்.

ஜூன் 27, வியாழன்

துவைத்த துண்டின் ஓரத்தில் பச்சை நூலால் மூன்று தையல். அரை அங்குலம் இருக்கும். கடையில் வாங்கும்போதே இருந்ததோ என்னவோ.

ஜூன் 30, ஞாயிறு

கல்யாண வீட்டுக்குப் போகலாம் என்று பட்டுப்புடவையை எடுத்தேன். முந்தானை மூலையில் அதே மூன்று தையல். குடையின் துணியிலும் இருக்கிறது. கொக்கி தைக்க வைத்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்தால் பச்சை நூல்கண்டு பாதி காலி.

ஆவுடையைக் கேட்டேன். "நீதான?" ஆமாம் என்று தலையாட்டினாள். எதற்கு என்றதும் வாசல் பக்கம் போய்விட்டாள். ஊசியெல்லாம் சின்னப் பிள்ளை தொடக்கூடாது என்று சொல்லி டப்பாவை மேல் அலமாரியில் வைத்தேன். பிள்ளைகள் சுவரில் கிறுக்குவதில்லையா, இவள் துணியில் கிறுக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பட்டுப்புடவை விஷயம் மட்டும் வயிற்றெரிச்சல்.

ஜூலை 3, புதன்

குளோரி மேடம் முதல் மாத வருகை. கனிவானவர்தான், ஆனால் பார்வை எல்லா மூலைக்கும் போகிறது. ஆவுடையை மடியில் உட்கார வைத்துக் கொஞ்சப் பார்த்தார். அவள் நழுவிப்போய் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். இல்லை என்ற இடத்தில் லேசாக ஒரு டிக்.

"பென்சில்லதான் போட்டிருக்கேன். இன்னும் ஒரு மாசம் இருக்கு. ஆனா அம்மா, உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். ஒட்டுதல் வரலைன்னா வற்புறுத்தக் கூடாது. ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை என்றேன். அவர் போன பிறகு பார்த்தால் அவருக்குப் போட்ட காபியில் சர்க்கரையே போடவில்லை. பாவம், முழுசும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூலை 5, வெள்ளி

இன்று நடந்ததையும் உள்ளபடி எழுதுகிறேன்.

கயத்தாறுக் கட்சிக்காரர் ஒருவருடைய மூலப் பத்திரத்தை நேற்று மஞ்சள் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். இன்று கடையில் பையைத் திறக்கிறேன், பத்திரம் வரவில்லை. பையோடு சேர்த்துத் தைத்திருக்கிறது. பச்சை நூல், மூன்று தையல். எழுபது வருஷத்துப் பத்திரத்தின் ஓரத்தில் ஊசி ஏறி இறங்கியிருக்கிறது. அலமாரிக்கு நாற்காலி போட்டு ஏறியிருப்பாள்.

எழுத்தில் படவில்லை, வெற்று ஓரம்தான். கட்சிக்காரர் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டார். ஆனால் பதினெட்டு வருஷத்தில் என் கையில் ஒரு காகிதம் கசங்கினது கிடையாது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அவள் அழவில்லை. அழாமல் நின்றதைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது. கத்தரிக்கோலை எடுத்துவந்து அவள் கண் முன்னாலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். துண்டு, புடவை, குடை, தலையணை உறை, கைப்பை வார், என் வீட்டுச் செருப்பின் பட்டை. இத்தனை இடத்தில் போட்டிருக்கிறாள் என்று வெட்டும்போதுதான் தெரிந்தது. வெட்டிய நூலையெல்லாம் கூட்டிக் குப்பையில் போட்டேன்.

சோறு வைத்தேன். சாப்பிட்டாள். முதுகைக் காட்டித்தான்.

ஜூலை 6, சனி

பள்ளி விடுமுறை. காலையில் எழுந்து வந்து பார்த்தால் ஆவுடை வாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பாய் சுருட்டி வைத்திருக்கிறது. வந்த அன்று போட்டிருந்த கவுன், பழைய செருப்பு, மடியில் அந்தத் துணிப்பை. நான் வாங்கின இரண்டு ஜோடி செருப்பும் சுவரோரம் வரிசையாக இருந்தன.

எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டேன். யார் வருகிறார்கள் என்று கேட்டேன். கடைசியில் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நூல எடுத்துட்டியள்லா."

காபி கொடுத்தேன், தொடவில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இல்லத்துக்குப் போன் போட்டேன். வார்டன் வெளியூர். துணி துவைக்கிற ஆயா அந்தோணியம்மாள்தான் எடுத்தாள். பச்சை நூலைப் பற்றி நான் பாதி சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இல்லத்தில் நாற்பது பெண்பிள்ளைகள். நன்கொடையாக வரும் கவுன் எல்லாம் ஒரே துணி, ஒரே மாதிரி. துவைத்தால் யாருடையது யாருக்கு என்று சண்டை வரும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம், ஒரு கணக்கு. சிவப்பு ஒண்ணு, சிவப்பு ரெண்டு, மஞ்சள் நாலு, இப்படி. கவுனில், துண்டில், போர்வையில் அந்தத் தையல் இருந்தால் அது அந்தப் பிள்ளையுடையது, வேறு யாரும் தொடக்கூடாது. ஆவுடை பச்சை மூணு. சொந்தமாக அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். தைக்கவும் அந்தோணியம்மாளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஒரு பிள்ளை இல்லத்தை விட்டுப் போனால் அதன் துணியிலிருந்து நூலைப் பிரித்து எடுத்துவிடுவார்களாம், வேறு பிள்ளைக்கு ஆகும் என்று. போகிற பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்குமாம்.

"அந்த மொத வீட்டுல ஒரு நூலும் போடலம்மா இவ. எனக்குத் தெரியும், கேட்டேன். ஒங்க வீட்டுல போட்டிருக்காளா?"

போட்டிருந்தாள் என்றேன். நான் வெட்டிவிட்டதையும் சொன்னேன்.

போன தடவை இவள் திரும்பி வந்ததால் பச்சை மூணை அந்தோணியம்மாள் இதுவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாளாம். புதுப் பிள்ளை ஒன்று வந்திருக்கிறது, நிறம் தட்டுப்பாடு. "குடுத்துரவா, வச்சிருக்கவா?" என்று கேட்டாள். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான் எவ்வளவு பெரிய முட்டாள்.

ஜூலை 6, மதியம்

அவள் இன்னும் கதவு பக்கத்தில்தான் இருந்தாள். நான் டப்பாவை இறக்கி வந்து அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பத்திரத்தில் தப்பு நேர்ந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் என்று ஒன்று எழுதுவோம். முன்பு எழுதியது இன்ன தப்பு, இப்போது இன்னபடி திருத்தப்படுகிறது என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதே மாதிரி சொன்னேன். நூல் எதற்கு என்று எனக்குத் தெரியாது, தெரியாமல் வெட்டிவிட்டேன், உன்னை அனுப்புவதற்காக வெட்டவில்லை, வெட்டியது தப்பு.

நான் பட்டுப்புடவையை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில் பச்சை நூலைக் கோக்கப் பார்த்தேன். கண்ணாடி போட்டும் கோக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தால் யாருக்குத்தான் ஊசிக்காது தெரியும்? எப்படியோ கோத்து, முந்தானை மூலையில் மூன்று தையல் போட்டேன். கோணல்மாணல்.

குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"முடிச்சு உள்ள வரணும். இது அவுந்துரும்."

புடவையை என் மடியிலிருந்து இழுத்து, நான் போட்டதைப் பிரித்து, பல்லால் நூலைக் கடித்து, அவளே போட்டாள். பிறகு துண்டு. பிறகு குடை. ஒவ்வொன்றாக நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்கப் போட்டாள். மஞ்சள் பையை நானே எடுத்து நீட்டினேன், காலிப் பைதான். கடைசியில் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், நான் கட்டியிருந்த பருத்திப் புடவையின் தலைப்பைப் பிடித்து அதிலும் மூன்று தையல் போட்டாள். ஊசி இடுப்பில் குத்திவிடுமோ என்று பயந்தபடி ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பழைய செருப்பைக் கழற்றினாள். ஆறின காபியைக் குடித்தாள்.

ஜூலை 10, புதன்

அண்ணாச்சி என் முந்தானையைப் பார்த்துவிட்டு, நூல் தொங்குது தாயி என்று கத்தரிக்கோலை நீட்டினார். நான் போட்ட சத்தத்தில் மனுஷன் பயந்துவிட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை 14, ஞாயிறு

பாயைக் கதவுப் பக்கத்திலிருந்து கட்டிலுக்குக் கீழே மாற்றிக்கொண்டாள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். இன்னும் கல்லாகத்தான் நிற்கிறாள். கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறாள்.

இன்று ஒன்று நானாகச் செய்தேன். அவளுடைய பள்ளிக்கூடப் பையின் உள்பக்கம் நீல நூலில் ஒரு தையல் போட்டேன். முடிச்சு உள்ளேதான். இது என்ன என்றாள். நீலம் ஒண்ணு, அது நான் என்றேன். சரி என்றாள்.

ஜூலை 22, திங்கள்

ஜலதோஷம் எனக்கு. ஆவுடை பள்ளியிலிருந்து வந்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. சமையல்கட்டில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. ஒரு தம்ளர் தண்ணீர் வந்தது. பிறகு இன்னொரு தம்ளர். ஆறு தம்ளர் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். எல்லாவற்றையும் குடித்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

குளோரி மேடம் கடைசி வருகை. ஆவுடையைத் தனியாக உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முறை அதுதான், நான் வெளியே இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்குப் பேச வராதே, கேட்கிற கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டால் என்ன எழுதுவார்கள் என்று கதவுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எனக்கென்ன என்று இந்த நோட்டில் முன்பு எழுதியிருக்கிறேன். பொய். இவள் போய்விட்டால் எனக்கு இந்த வீடு வேண்டாம்.

பத்து நிமிஷத்தில் மேடம் வெளியே வந்தார். முகத்தில் ஒரு குழப்பம்.

"ஆவுடைகிட்ட, இங்க இவங்ககூடவே இருக்கச் சம்மதமான்னு கேட்டேன். என்னையவே ஒரு மாதிரி பாக்கா. 'பச்ச மூணு போட்டாச்சுல்லா'ங்கா. அப்படின்னா என்னம்மா?"

முந்தானையைத் திருப்பிக் காட்டினேன். துண்டு, குடை, கைப்பை, செருப்பு எல்லாவற்றையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். அந்தோணியம்மாள் சொன்னதையும் ஜூலை ஐந்தாம் தேதி நான் செய்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். ஆவுடை பக்கத்தில் வந்து நின்று, ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பொருள்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மேடம் பையிலிருந்து ரப்பரை எடுத்து அந்தப் பென்சில் டிக்கை அழித்தார். தூசியை ஊதிவிட்டுப் பேனாவால் ஆம் என்ற இடத்தில் போட்டார். விளக்கம் எழுத இரண்டு வரி இடம் இருந்தது. "நீங்களே சொல்லுங்க, ஒங்க தொழில்தான" என்றார்.

அந்தப் பழைய வரி உடனே நாக்கு நுனிக்கு வந்தது. இயற்கையான அன்பினாலும் வாஞ்சையினாலும். அதைச் சொல்லவில்லை. குழந்தை தனக்குச் சொந்தமென்று இருந்த ஒரே அடையாளத்தை இந்த வீட்டில் பதினோரு பொருள்களிலும், வளர்ப்பவர் கட்டியிருக்கும் புடவையிலும் போட்டிருக்கிறாள் என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினார். வளர்ப்பவருக்கான கட்டத்திலும் அவராகவே ஆம் போட்டுவிட்டார். நான் தடுக்கவில்லை.

இந்த முறை காபியில் சர்க்கரை போட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தூத்துக்குடியில் ஆட்சியர் அலுவலகம். உத்தரவு கையில் வந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று முறை வாசித்தேன், இல்லை. திரும்பும் பஸ்ஸில் ஆவுடைக்கு ஜன்னலோரம். அவள் கை என் கைப்பை வாரில் இருந்தது, எட்டயபுரம் தாண்டியதும் தூக்கத்தில் நழுவி என் கைமேல் விழுந்தது. ஊர் வரும்வரை நான் கையை அசைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தோணியம்மாளுக்குப் போன் செய்தேன். சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதாள். அப்புறம் தயங்கித் தயங்கி, அந்தப் பச்சை மூணு என்றாள். அது நான் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. புதுப் பிள்ளை விஷயத்தைச் சொல்லிப் போனை ஆவுடையிடம் கொடுத்தேன்.

இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைக்குக் குடுத்துருங்க ஆயா" என்றாள். "நான் இங்கனதான் இருப்பேன், எங்க அம்மாகூட."